கடைசிக் கரண்டி எண்ணெய்

கடியப்பட்டணம்
4 செப்டம்பர் 2023

அன்புள்ள ஜினிக்கு,

அக்கா சுனிதா எழுதுவது. ஆண்டவர் இரக்கத்தால் இங்கே நானும் உன் அத்தானும் இருக்கிறோம். நலம் என்று எழுதத்தான் கை வரவில்லை. ஜிஷாக் குட்டிக்கு எப்படி இருக்கிறது? முகத்து வீக்கம் முழுதும் வடிந்துவிட்டதா? தூங்கும்போது மூச்சு சத்தம் கேட்கிறதா?

நீ என் நம்பரை பிளாக் செய்துவிட்டாய். உன் அத்தான் நம்பரையும் செய்துவிட்டாய். பக்கத்து வீட்டு ஞானம் அக்காவின் போனை வாங்கிக் கூப்பிட்டேன், என் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டாய். தபால்காரரை பிளாக் செய்ய வழியில்லை என்பதால் எழுதுகிறேன். கருங்கலில் இருக்கிற தங்கைக்கா தபால்தலை என்று தபாலாபீசில் இருக்கிற பெண் சிரித்தாள். பஸ் ஏறினால் ஒரு மணி நேரம். ஆனால் உன் வாசலில் வந்து நின்று நீ கதவைச் சாத்தினால் நான் தாங்கமாட்டேன்.

ஓணத்து லீவுக்கு நீயும் ஷாஜன் தம்பியும் பிள்ளையும் வந்தீர்கள். பெரியவர்களுக்கு இறால் வறுவல். ஜிஷாவுக்கு இறால், நண்டு, சிப்பி ஒன்றும் ஆகாது என்று டாக்டர் சொல்லியிருப்பதால் அவளுக்கென்று தனியாக விளமீன் குழம்பு. அந்தக் குழம்பை ஊற்றி நாலைந்து வாய் சோறு தின்றிருப்பாள். உதடு தடித்தது, கண் மூடியது, மூச்சு இழுத்தது. உன் அத்தான் அவளைத் தூக்கிக்கொண்டு ரோட்டில் ஓடி ஒரு ஆட்டோவை மறித்தார். ஆஸ்பத்திரியில் ஊசி போட்ட பிறகுதான் பிள்ளை வாய்விட்டு அழுதாள். அப்போது நீ அத்தனை பேர் முன்னால் சொன்னாய்: "நீ வேணுமுண்ணேதான் போட்டிருக்கே அக்கா. ஒத்துக்குமா ஒத்துக்காதாண்ணு எனக்க பிள்ளைய வச்சுப் பாத்திருக்கே."

ஈஸ்டருக்கு நான் பேசியதை மனதில் வைத்துத்தான் அப்படிச் சொன்னாய். பேசினேன், இல்லை என்று சொல்லவில்லை. "கடக்கரை ரத்தத்துக்கு இறால் ஒத்துக்காம போவுமா? இது உனக்க மாமியா வீட்டு ரத்தம், கிழங்கும் பயறும் தின்ன ரத்தம்" என்று சிரித்தேன். எனக்கு வாய் நீளம், அது ஊருக்கே தெரியும். ஆனால் பிள்ளை விஷயத்தில் விளையாட எனக்கு நெஞ்சு வருமா? இந்த வீட்டில் ஓடி விளையாட அவளை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?

நான் இறால் போடவில்லை. காலையில் குழம்பை இறக்கி மூடி வைத்த பிறகுதான் உன் அத்தான் இறாலோடு வீட்டுக்குள் கால் வைத்தார். இதை நீ நம்பினால் போதும்.

பிள்ளையின் நெற்றியில் என் பெயரைச் சொல்லி ஒரு சிலுவை போடு.

சுனிதா


கடியப்பட்டணம்
26 செப்டம்பர் 2023

அன்புள்ள ஜினி,

இங்கே மழை. அங்கேயும் இருக்கும். பிள்ளைக்குச் சளி பிடிக்காமல் பார்த்துக்கொள்.

உன் பதில் வரவில்லை. தபால் தொலைந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு மறுபடியும் எழுதுகிறேன். தொலையவில்லை என்றும் எனக்குத் தெரியும்.

கடல் தெளிந்த நாளெல்லாம் உன் அத்தான் பாறையில் முங்கிச் சிப்பி எடுக்கிறார். நல்ல சதைப் பிடிப்பு என்கிறார்கள். ஞானம் அக்கா வீட்டில் தினமும் சிப்பி வறுக்கிற மணம். "ஒரு கிண்ணம் தரட்டா சுனிதா?" என்று மதிலுக்கு மேலே எட்டிக் கேட்டாள். வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டேன்.

ஜிஷா பள்ளிக்கூடம் போகிறாளா? அது ஒன்றையாவது ஒரு கார்டில் எழுதிப் போடு. என்னைத் திட்டி இரண்டு வரி சேர்த்து எழுதினாலும் சரிதான்.

சுனிதா


கருங்கல்
19 அக்டோபர் 2023

அக்காவுக்கு,

இங்கே அனைவரும் சுகம். ஜிஷா பள்ளிக்கூடம் போகிறாள். இரண்டு கடிதமும் வந்தன.

திட்டுவதற்கு எழுதவில்லை. திட்டித் தீர்கிற விஷயமாக இருந்தால் அன்றைக்கே தீர்ந்திருக்கும். ஆட்டோவில் என் பிள்ளை என் மடியில் நீலம் பாரித்ததை நான் பார்த்தேன். அன்றிலிருந்து ஒரு பிஸ்கட் பாக்கெட்டை வாங்கினாலும் பின்பக்கத்துப் பொடி எழுத்து முழுவதும் வாசிக்கிறேன். பிறந்தநாள் என்று யாராவது பிள்ளை கேக் கொண்டுவந்தால் வகுப்பு வாசலில் போய் நிற்கிறேன். அதே பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருப்பதால் நிற்க முடிகிறது, இல்லையென்றால் வேலையை விட்டிருப்பேன்.

டாக்டர் கேட்கிறார்: மீன் இதுவரை ஒத்துக்கொண்ட பிள்ளை, அன்றைக்கு மட்டும் எதனால் விழுந்தாள்? எதனால் என்று தெரிகிற வரைக்கும் மீனும் கொடுக்க வேண்டாம் என்கிறார். அதனால் எங்கள் வீட்டில் மீன் வாங்குவதே இல்லை. மாமிக்கு மீன் இல்லாமல் சோறு இறங்காது. ஆனாலும் பேத்திக்காகப் பயறும் அப்பளமுமாகச் சாப்பிடுகிறார்கள். நீ கேலி செய்த அதே செல்லபாய் மாமிதான்.

ஒன்று செய். அன்றைக்கு அந்தக் குழம்பை எப்படி வைத்தாய் என்று முதலிலிருந்து கடைசி வரைக்கும் எழுது. கை கழுவியதிலிருந்து எழுது. உன்னை மன்னிப்பதற்கு இல்லை, டாக்டரிடம் காட்டுவதற்கு.

ஜினி


கடியப்பட்டணம்
24 அக்டோபர் 2023

அன்புள்ள ஜினிக்கு,

உன் கையெழுத்தைப் பார்த்ததும் உள்ளே என்ன இருக்கிறது என்று வாசிக்காமலேயே கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தேன். பிள்ளை சுகம் என்ற வரியை மட்டும் உன் அத்தானுக்கு வாசித்துக் காட்டினேன். மற்ற வரிகள் எனக்கு உள்ளவை.

கேட்டபடியே எழுதுகிறேன். போலீஸ்காரன் கேட்டால்கூட இவ்வளவு சொல்லமாட்டேன்.

சட்டி புதியது. என் பழைய மீன்சட்டியில் இறால் எத்தனையோ தடவை கொதித்திருக்கிறது, அது ஆகாது என்று எனக்கே தோன்றி, மணவாளக்குறிச்சிச் சந்தையில் அவளுக்கென்று ஒரு சின்னச் சட்டி வாங்கினேன். கஞ்சித் தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவைத்துப் பழக்கினேன். அகப்பையும் புதியது. மிக்சி ஜாரைச் சோப்புப் போட்டுக் கழுவி வெயிலில் கவிழ்த்தேன். விளமீனைக் கல்லுப்புப் போட்டு உரசி, தண்ணீர் தெளிகிற வரைக்கும் அலசினேன்.

தேங்காய், மல்லித்தூள், மிளகாய்த்தூள் கொஞ்சம், மஞ்சள், நாலு சின்ன உள்ளி. இவ்வளவையும் வெண்ணெய் பதத்துக்கு அரைத்தேன், நறநறவென்று இருந்தால் அவள் துப்பிவிடுவாள். புளி குறைவு, ஏனென்றால் மாங்காய் கிடைத்தது. இரண்டு துண்டு முருங்கைக்காயும் போட்டேன், அவளுக்குச் சப்பத்தான் பிடிக்குமே. மிளகாயைக் கீறாமல் முழுசாகப் போட்டேன். கொதி வந்து பச்சை வாடை போன பிறகு மீனைப் போட்டேன். அகப்பை விட்டுக் கலக்கவில்லை, துணியால் சட்டியைப் பிடித்து ஒரு சுழற்றுச் சுழற்றினேன். வற்றியதும் கறிவேப்பிலையைக் கசக்கிப் போட்டு இறக்கி மூடினேன்.

இதில் இறால் எங்கே இருக்கிறது? நீயே சொல்லு. உனக்கும் தெரியும், நம் வீட்டில் அம்மா வைத்த குழம்பும் இதேதான்.

டாக்டரிடம் காட்டு. காட்டிய பிறகு எனக்கும் எழுது. செல்லபாய் மாமியைக் கேட்டதாகச் சொல்லு. அவர்களைப் பற்றி நான் பேசியது சிரிப்புக்கு. ஆனாலும் அது நல்ல சிரிப்பு இல்லை.

சுனிதா


கருங்கல்
14 நவம்பர் 2023

அக்காவுக்கு,

சுகம். உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

டாக்டர் வாசித்தார். இதில் ஆகாதது எதுவும் இல்லையே அம்மா என்றார். இதில் இல்லையென்றால் பின்னே காற்றில் வந்ததா? பிள்ளையின் தொண்டையை அடைத்தது எது? நீ எழுதாத ஏதோ ஒன்று இருக்கிறது அக்கா. நீ மறைக்கிறாய் என்று சொல்ல மனம் வரவில்லை, மறைக்கவில்லை என்று சொல்லவும் வரவில்லை.

ஜிஷா நேற்று மாமியிடம் கேட்டாளாம்: "பெரியம்மா வைக்கிற கறிய இனி நான் திங்கவே முடியாதா ஆச்சி?" மாமி என்ன பதில் சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை.

ஜினி


கடியப்பட்டணம்
28 டிசம்பர் 2023

ஜினிக்கு,

கிறிஸ்துமஸ் வாழ்த்து. பிறந்த பாலன் உன் பிள்ளைக்கு நல்ல மூச்சைக் கொடுக்கட்டும்.

திருநாளுக்கு வருவாய் என்று நினைத்து ஜிஷாவுக்கு ஒரு பச்சைச் சட்டை எடுத்து வைத்தேன். பூசை முடிந்து வந்து வாசல் கதவைத் திறந்தே போட்டிருந்தேன். உன் அத்தான், "அடைச்சிருட்டீ, நாய் வந்து கேறும்" என்றார். அடைத்துவிட்டேன்.

நீ எழுதாத ஏதோ ஒன்று இருக்கிறது என்று எழுதியிருந்தாய். அதை நான் பல நாள் வாசித்தேன். எனக்குக் கோபம்தான் வந்தது ஜினி. சின்ன வயதில் உன்னோடு ஒரே பாயில் படுத்த என்னைப் பார்த்து இப்படிக் கேட்கிறாய் என்றால், இனி நான் சத்தியம் செய்தாலும் ஒன்றுதான், செய்யாவிட்டாலும் ஒன்றுதான். என்னிடம் இனிச் சொல்வதற்கு எதுவும் இல்லை. அதனால் இனி எழுதமாட்டேன்.

சட்டையைத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். அளவு சின்னதாக இருந்தால் ஓரத்தைப் பிரித்துக்கொள், துணி மடக்கித் தைத்திருக்கிறது.

சுனிதா


கருங்கல்
3 பிப்ரவரி 2024

என் அக்காவுக்கு,

நீ சுகமாக இருக்கிறாயா? அத்தான் எப்படி இருக்கிறார்? சட்டை அளவாக இருக்கிறது. பள்ளிக்கூடத்து விழாவுக்கு அதையே போட்டுக்கொண்டு போனாள்.

இனி எழுதமாட்டேன் என்றாய். எழுத வேண்டாம், வாசித்தால் போதும்.

போன மாதம் டாக்டர் ஆஸ்பத்திரியிலேயே வைத்து ஜிஷாவுக்குக் கொஞ்சம் மீன் கொடுத்துப் பார்த்தார். ஒன்றும் ஆகவில்லை. வீட்டில் கொடுக்கலாம் என்றார். அந்தத் தைரியத்தில் சந்தையில் விளமீன் வாங்கினேன். உன் கடிதத்தை அடுப்பு மேடையில் ஒரு தம்ளருக்கு அடியில் வைத்துக்கொண்டு, வரிக்கு வரி நீ எழுதியது போலவே வைத்தேன். மாமி வாசலில் நின்று பார்த்தார்கள், உள்ளே வரவில்லை. மீன் வெந்தது. சட்டியைச் சுழற்றினேன். கறிவேப்பிலை போட்டேன். அடுப்பை அணைத்தேன்.

அதோடு உன் கடிதம் முடிகிறது. ஆனால் என் கை முடிக்கவில்லை அக்கா. அது தன்பாட்டுக்குப் பக்கத்தில் இருந்த எண்ணெய்க் கிண்ணத்தின் மூடியைத் திறந்து ஒரு கரண்டி மொண்டுவிட்டது. முந்தின நாள் அப்பளம் பொரித்து மிச்சம் வந்த எண்ணெய். குழம்புக்கு மேலே கரண்டியைக் கொண்டுபோன பிறகுதான் நான் அதைப் பார்த்தேன். அப்படியே நின்றுவிட்டேன். மாமி, "என்ன மக்கா, கை சுட்டுட்டா?" என்று உள்ளே வந்தார்கள்.

அம்மா அப்படித்தானே செய்வாள்? வறுத்த எண்ணெயைக் கொட்டமாட்டாள். கிண்ணத்தில் ஊற்றி மூடி வைப்பாள். குழம்பை இறக்கியதும் மணத்துக்கு அதில் ஒரு கரண்டி. நம் பக்கத்தில் எல்லார் வீட்டிலும் அப்படித்தான். அதைக் குழம்பு வைப்பதில் ஒரு வேலையாக நாம் யாராவது நினைத்திருக்கிறோமா? யாராவது கேட்டால் சொல்லத் தோன்றுமா? எனக்கே தோன்றவில்லை. உன் கடிதத்தை நானும் வாசித்துவிட்டுத்தான் டாக்டரிடம் கொடுத்தேன், அந்த வரி இல்லை என்று எனக்குத் தெரியவில்லை.

அதனால் கேட்கிறேன். கோபப்படாமல் யோசித்துப் பார். உன் அடுப்புக்குப் பக்கத்தில் அந்த மூடி போட்ட கிண்ணம் அன்றைக்கு இருந்ததா? அதற்கு முந்தின நாள் எதை வறுத்தாய்?

நீ வேண்டுமென்று செய்யவில்லை. ஆஸ்பத்திரியில் நான் சொன்னது தப்பு. அத்தனை பேர் முன்னால் சொன்னேன், அத்தனை பேரையும் கூட்டிவைத்து இப்போது திருத்த முடியாது. உன்னிடம் சொல்கிறேன், தப்பு. இந்தக் கிண்ணத்து விஷயத்தை எழுதாமலே விட்டுவிடலாமா என்றும் யோசித்தேன். விட்டால் உன் கை நாளைக்கும் அதையே செய்யும். அதற்காகத்தான் எழுதினேன், உன்னைக் குத்துவதற்கு இல்லை.

உன் தங்கை
ஜினி


கடியப்பட்டணம்
10 மார்ச் 2024

கொழுந்தியாள் ஜினிக்கு, யூஜின் அத்தான் எழுதுவது.

தவசுகாலத்தில் எல்லோருக்கும் உடல்சுகம் கிடைக்க வேண்டுகிறேன். எனக்கு எழுத்து அவ்வளவு வராது, பொறுத்துக்கொள். ஷாஜனுக்கும் மாமிக்கும் என் தோத்திரம்.

உன் கடிதம் வந்து ஒரு மாதம் ஆகிறது. அக்கா பதில் போட்டிருக்கமாட்டாள் என்று தெரியும். அவள் அதை வாசித்துவிட்டு அடுக்களைக்குப் போனாள். கிண்ணத்தை எடுத்து மோந்து பார்த்தாள். பிறகு என்னிடம் வந்து, "ஓணத்துக்கு முந்தின நாள் நீரு கரிக்காடி இறாலு கொண்டு வந்தீரா?" என்று கேட்டாள். பொய் சொல்லிவிடலாம் என்று ஒரு நிமிடம் தோன்றியது. அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல முடியவில்லை. ஆமாம், கொண்டு வந்தேன். அன்றைக்கு நாங்கள் இரண்டு பேரும் அதை வறுத்துத் தின்றோம். அந்த எண்ணெய்தான் கிண்ணத்தில் இருந்தது.

"எனக்க கைதான் யூஜின்" என்றாள்.

இப்போது அடுப்பில் கஞ்சி மட்டும் வைக்கிறாள். மீனைத் தொடுவதில்லை. நானே ஏதோ குழம்பு என்று வைக்கிறேன், அதைப் பூனைகூட யோசித்துத்தான் தின்கிறது. அவளிடம் சண்டை போட்டுப் பார்த்தேன், கேலி பண்ணிப் பார்த்தேன். பங்குச்சாமியும் வந்து பேசினார். எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டுகிறாள், எழுந்து போய்க் கஞ்சி வைக்கிறாள்.

இன்னொன்று சொல்ல வேண்டும். சொன்னேன் என்று அவளுக்குத் தெரிய வேண்டாம். ஓணத்திலிருந்தே இந்த வீட்டுக்குள் இறால், நண்டு, சிப்பி ஒன்றும் ஏறவில்லை. காரணம் தெரிவதற்கு முன்பே, நீ பதில் போடாத நாளிலேயே நிறுத்திவிட்டாள். நான் சிப்பிக்கு முங்குகிறவன். எடுத்ததை எல்லாம் சந்தையில் விற்றுவிட்டு, கைகால் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டுதான் வீட்டுக்குள் வர வேண்டும். "என்னத்துக்கு இதெல்லாம்?" என்று கேட்டேன். "பிள்ளை திடீருண்ணு வந்து நிப்பா, அப்ப கழுவ நேரம் இருக்காது" என்றாள்.

நீ வந்தால் சரியாகும் என்று என் எண்ணம். வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

அன்புள்ள அத்தான்
யூஜின்


கருங்கல்
2 ஏப்ரல் 2024

என் அக்காவுக்கு,

உயிர்த்த ஆண்டவர் உன் வீட்டில் இருக்கட்டும். நீ சாப்பிடுகிறாயா? கஞ்சி குடித்து மெலிந்துவிடாதே. என் பழைய ஜாக்கெட் உனக்கு ஆகிற அளவுக்கு நீ மெலிந்தால் எனக்குப் பிடிக்காது.

அத்தான் ஒன்றும் எழுதவில்லை. எனக்குத் தானாகவே தெரிகிறது.

அக்கா, என் கை கரண்டியை மொண்டபோது கிண்ணத்தில் அப்பள எண்ணெய் இருந்தது. அது என் கெட்டிக்காரத்தனம் இல்லை. கடல் இல்லாத கருங்கலில் வாழ்க்கைப்பட்டதால் அப்பள எண்ணெய். உன் அடுக்களையில் நின்றிருந்தால் என் கையும் இறால் எண்ணெயைத்தான் மொண்டிருக்கும். என் சொந்தப் பிள்ளைக்கு நானே ஊற்றியிருப்பேன். இதை நினைத்து நினைத்து அழுதேன். அழுது முடித்த பிறகு உன்மேல் எனக்கு ஒன்றும் மிச்சம் இல்லை.

வருகிற ஞாயிறு கழிந்து அடுத்த ஞாயிறு வருகிறோம். டாக்டர் எழுதிக் கொடுத்த ஊசி பையில் இருக்கும். அதைப் போட ஷாஜனுக்கும் எனக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். நீ விளமீன் குழம்பு வைக்க வேண்டும். மாங்காய், முருங்கைக்காய் எல்லாம் போட்டு நீதான் வைக்க வேண்டும். நான் அடுக்களைக்குள் கால் வைக்கமாட்டேன். எட்டிக்கூடப் பார்க்கமாட்டேன். வெளியே உட்கார்ந்து ஞானம் அக்காவோடு ஊர்க்கதை பேசிக்கொண்டிருப்பேன். நீ கொண்டுவந்து வைப்பதை ஜிஷா தின்பாள்.

உன் நம்பரை பிளாக்கிலிருந்து எடுத்துவிட்டேன். ஆனாலும் போன் செய்யாதே. உன் குரலைக் கேட்டால் நான் அழுவேன், நீ திட்டுவாய். ஒரு வரி எழுதிப் போடு. வரலாமா?

ஜினி


கடியப்பட்டணம்
8 ஏப்ரல் 2024

என் ஜினி மக்காவுக்கு,

நான் நல்ல சுகம். இதை இப்போது பொய் இல்லாமல் எழுத முடிகிறது. உன் அத்தான் ஒன்றும் எழுதவில்லை என்று நீ எழுதியதை அவருக்கு வாசித்துக் காட்டினேன். இருமிக்கொண்டே கடற்கரைப் பக்கம் போனார்.

வா. கேட்டுக்கொண்டா வருவார்கள்?

எண்ணெய்க் கிண்ணத்தை உன் அத்தான் வலைக்குச் சாயம் கலக்க எடுத்துக்கொண்டார். அடுப்புப் பக்கம் காலியாகக் கிடக்கிறது. ஆனாலும் சமைக்கும்போது என் கை அந்த இடத்துக்குப் போய்விட்டுத்தான் திரும்புகிறது. முந்தாநாள் முதல்தடவையாக உன் அத்தானுக்குச் சாளைக் குழம்பு வைத்தேன். இறக்கியதும் கை நீண்டது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். இந்தக் கையைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கிறது ஜினி. ஜிஷாவுக்கு இதே கையால் சமைக்கத்தான் வேண்டும் என்றும் ஆசையாக இருக்கிறது.

சட்டி, அகப்பை எல்லாம் அதே புதுசுதான். அன்றைக்குப் பிறகு அவற்றில் வேறு எதுவும் சமைக்கவில்லை. காலையிலேயே விளமீன் வாங்கிவிடுவேன். தேங்காய் அரைப்பேன், மாங்காய் நறுக்குவேன், நீ சொன்னபடி எல்லாம் நானே செய்வேன். சட்டியைச் சுழற்றி, கறிவேப்பிலை போட்டு, அடுப்பை அணைப்பது வரைக்கும் என் வேலை.

ஆனால் நீ அடுக்களைக்குள் கால் வைக்கமாட்டேன் என்று எழுதியிருக்கிறாயே, அது மட்டும் நடக்காது. ஞானம் அக்காவிடம் ஊர்க்கதை பிறகு பேசலாம். செல்லபாய் மாமி வீட்டுத் தேங்காயில் ஆட்டிய எண்ணெய் ஒரு சின்னப் போத்தலில் கொண்டு வா. மாமியையும் கூட்டிக்கொண்டு வா. நான் அடுப்பை அணைத்துவிட்டு உன்னைக் கூப்பிடுவேன்.

கடைசிக் கரண்டியை நீ ஊத்து.

உன் அக்கா
சுனிதா